இரண்டாம் போன்ஜூர்

பிரெஞ்சுக் கிராமம் ஒன்றை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஸ்பிரிங்வேலில் இறக்கி வைத்த ஒரே தமிழர் போன்ஜூர் அண்ணைதான்!

அகதியாகப் போய், அந்தக் கிராமத்தில் பத்தொன்பது வருடம் மாடு கறந்தவர். பிறகு மகளோடு இருக்க இங்கே வந்துவிட்டார். அந்தக் கிராமத்தின் சனத்தொகை எண்பத்துமூன்று பேராம்.

"உங்களையும் சேர்த்தோ?" என்று கேட்டேன். எதையும் எண்ணாமல் விட எனக்கு வராது.

"என்னைச் சேர்த்துத்தான் மாஸ்டர். இல்லாட்டில் எண்பத்திரண்டு!"

அங்கே மேயரே உழவு இயந்திரம் ஓட்டுவாராம். பன்னிரண்டு மணிக்கு ஊரே சாப்பிட உட்கார்ந்துவிடும். அந்நேரம் கதவு தட்டுகிறவன் ஆயுள் முழுக்கப் பகையாளி. எங்கே நுழைந்தாலும் இருக்கிற அத்தனை பேருக்கும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். இரண்டாம் தரம் சொன்னால், காலையில் கண்டதை மறந்துவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரியாம்!

இந்தச் சட்டத்தை அவர் எங்கள் வியட்நாம்காரி ரொட்டி சுட்டு விற்கிற பாண் கடையில் அமல்படுத்தினார். ஒருநாள் வரிசையில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் தனித்தனியாக "போன்ஜூர்!" கடைசியில் நின்ற புதுப் பெண் உற்சாகமாகத் திரும்பினாள்.

"நான் தஞ்சாவூர் அங்கிள்! உங்க போன்ஜூர் எங்க இருக்கு? யாழ்ப்பாணத்துப் பக்கமா?"

அண்ணை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நீட்டுப் பாண் மூன்றாக முறிந்தது.

இன்னொரு நாள் அவருடைய டொக்டர், காலையில் பார்த்ததை மறந்து, பின்னேரம் கடைத்தெருவில் மறுபடி போன்ஜூர் சொல்லிவிட்டார். அண்ணை டொக்டரையே மாற்றிவிட்டார்.

"காலமை நெஞ்சில குழாய் வைச்சுப் பாத்தவர், பின்னேரம் ஆளைத் தெரியேல்லை! இவரை நம்பி மருந்து குடிக்கிறதோ?"

எனக்குப் பொறுக்க முடியாதது அந்த ஊர்க் கோயில் மணி. ஒவ்வொரு மணிக்கும் அடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி அடிக்குமாம். நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பத்தாறு அடி போதும். அவர்கள் அடிப்பது முந்நூற்றுப் பன்னிரண்டு!

"பாதி வீண், அண்ணை!"

"முதல் தரம் எண்ணத் தவறினவைக்காக, மாஸ்டர்."

"எண்ணத் தெரியாத ஆளுக்கு மணி என்னத்துக்கு?" என்று சீறினேன். சிரித்தார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கடை வாசல் வாங்குப் பலகையில் அண்ணை இருந்தார். "போன்ஜூர்" சொன்னேன். "போன்ஜூர், மாஸ்டர்!" என்று முழுக்குரலில் பதில் வந்தது. பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குசினி மேசையில் இன்னொரு பாண் இருந்தது. அதே கடைப் பை. இன்னும் சூடு.

நான் தனி ஆள். ஒரு நாளும் இரண்டு பாண் வாங்கியதில்லை. அப்படியென்றால் சற்று முன்னும் நான் போயிருக்கிறேன், அவருக்குச் சொல்லியுமிருக்கிறேன். டொக்டரையே மாற்றியவர் என்னிடம் முகம்கூடச் சுளிக்கவில்லை! வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்த எனக்கு, ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமோ?

இரண்டு பாணையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இண்டைக்கு உங்களுக்கு ரெண்டு தரம் சொன்னனானோ?"

அவர் ஒரு பாணை இழுத்து, முறித்து, பாதியை என் கையில் வைத்தார்.

"அதுக்கென்ன மாஸ்டர்? எங்கட ஊர் மணியும் ரெண்டு தரம்தானே அடிக்கும்."