தையல் மிஷினுக்குக் காவல்

இனி இந்த வீட்டில் ஒரு கவர்கூடப் புதிதாக வரக்கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

கவர் என்றால் மூடுவது. அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் நம் ஆட்கள் அந்தச் சொல்லை மாடாய் உழைக்க வைக்கிறார்கள். கடிதம் போடும் உறை கவர். கடைக்காரன் சாமான் போட்டுத் தரும் பையும் கவர். நான் லீவு போட்ட நாளில் என் வேலையைப் பார்த்தவனும் "கவர் பண்ணிட்டேன்" என்பான். போதாதா? என் மனைவிக்குப் போதாது. ஃப்ரிட்ஜுக்குக் கவர், அதன் கைப்பிடிக்குத் தனிக் கவர். மிக்ஸிக்கு, ரிமோட்டுக்கு, குடைக்கு. எல்லாம் ஒரே பூப்போட்ட துணி. டிவி என்று நினைத்து வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று இன்ச் டேப்போடு என் நாற்காலிக்கு வந்தாள்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"அளவெடுக்கணும்."

"எனக்கா, நாற்காலிக்கா?"

"உங்களுக்கு எது போட்டாலும் எடுபடாது. எந்திரிங்க."

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒரு தையல் மிஷின் எம்மாத்திரம்? ஒரு திருகை லேசாகத் தளர்த்தினால் ஒரு வாரம் ஓடாது. அதற்குள் நாற்காலியை மறந்துவிடுவாள். அவள் குளிக்கப் போனாள். நான் திருப்புளியை எடுத்தேன்.

திருகு அசையவில்லை. அழுத்தினேன். 'டக்' என்றது. ஊசியைப் பிடித்திருக்கும் தண்டு இரண்டாக ஒடிந்து, பாதி என் கைக்கு வந்துவிட்டது.

கல்யாணத்தன்று அவளோடு இந்த வீட்டுக்கு வந்த மிஷின் அது. அவளுக்கு நான் முக்கியமா, அது முக்கியமா என்று இதுவரை கேட்டதில்லை. பதில் தெரியும். பதினோராம் மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோதுகூடத் தப்பிக்க இப்படி வழி தேடியதில்லை.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம். ஒடிந்ததைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பக்கத்தில் கிடந்த மிஷின் கவரை எடுத்து மூடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கவருக்கு நன்றி சொன்னேன்.

"கவர் கோணலா இருக்கே," என்றாள் வந்ததும்.

"காத்து."

"ஜன்னல் சாத்தியிருக்கு."

"சாத்தறதுக்கு முன்னாடி அடிச்ச காத்து."

அதை நேராக இழுத்துவிட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை, முடிந்திருக்கும்.

அவள் மிஷின் பக்கம் திரும்பவே கூடாது. காலை நீட்டிப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே வீட்டு வேலை எல்லாம் நான் செய்தேன். பாத்திரம் கழுவினேன். துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். அவள் கையில் கத்தரிக்கோலைக் கண்டால் எனக்கு வியர்த்தது.

"உடம்புக்கு ஏதாவதா?" என்றாள் புதன்கிழமை.

"ஏன்?"

"கேக்காமலே வீடு பெருக்கறீங்க."

"சும்மாதான்."

"சும்மா இருக்கறவரு சும்மா இருக்கலைன்னா பயமா இருக்குங்க."

பயம் அவளுக்காம்.

அவள் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, உதிரிபாகக் கடைக்கு ஓடினேன். புதுத் தண்டு வாங்கினேன். அவள் திரும்புவதற்குள் மாட்டிவிட்டால் பிழைத்தேன். கதவைச் சாத்தி, கவரைத் தூக்கினேன்.

உள்ளே கவிழ்த்த வாளி. அதன்மேல் இரண்டு தலையணை. ஓரத்தில் முட்டுக்கொடுத்து ஒரு அட்டைப்பெட்டி.

எத்தனை நாளாக வாளிக்குக் காவல் இருந்தேனோ தெரியவில்லை.

"வாளிக்கு அந்தத் தண்டு சேராது," என்றாள் வாசலிலிருந்து. எப்போது வந்தாளோ.

"மிஷின் எங்கே?"

"செவ்வாய்க்கிழமை நீங்க துணி காயப்போட மேலே போனப்ப, தம்பி வந்து ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனான்."

"தெரிஞ்சே சும்மா இருந்தியா?"

"மூடின மிஷினைத் திறந்து பார்க்காம இருக்க நான் என்ன நீங்களா?"

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"பாத்திரமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. கேட்டுக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி பண்ணிட்டாங்களா?" என்றேன்.

"தண்டு மாத்தியாச்சு. அப்படியே மோட்டாரும் வெச்சுக் கொடுத்தாங்க. கால் வலிக்க மிதிக்கவேண்டாமாம். ஒரு நாளைக்கு அஞ்சு கவர் தைக்கலாமாம். தம்பி கீழே வெச்சுட்டு நிக்கறான், போய்த் தூக்கிட்டு வாங்க."

தூக்கி வந்தேன். இப்போது தைப்பது மோட்டார். பாத்திரம் கழுவுவது நான்.