பச்சைக் கைப்பிடிக்காரர்

நம் பக்கத்தில் ஓர் இனம் பெருகி வருகிறது. புலி குறைகிறது, யானை குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த இனத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். இது லாபுவில் இருக்கிறது, ரந்தாவில் இருக்கிறது, ஒரு பெட்ரோல் நிலையமும் இரண்டு டர்போ கார்களும் சேர்ந்திருக்கும் எந்த இடத்திலும் தானாகவே முளைத்துவிடுகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பச்சைக் கைப்பிடிக்காரர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் பெட்ரோல் நிலையங்களில் மஞ்சள் கைப்பிடியைத் தூக்கினால் வருவது தொண்ணூற்றைந்து ஆக்டேன் பெட்ரோல், ஊரே ஊற்றிக்கொள்வது. பச்சைக் கைப்பிடியைத் தூக்கினால் வருவது தொண்ணூற்றேழு. விலை அதிகம், ஆகவே மரியாதையும் அதிகம். டர்போ காருக்கு இதில் எதை ஊற்றுவது? டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளேயே, தொண்ணூற்றைந்து போதும் என்று காரைச் செய்தவன் ஒட்டி அனுப்பியிருக்கிறான். ஆனால் காரைச் செய்தவனுக்கு என்ன தெரியும்? அர்ச்சுனனை அல்லவா கேட்க வேண்டும்?

அர்ச்சுனன், ரந்தாவில் என் எதிர் வீட்டுக்காரர். சிரம்பானில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை செய்ய இனி ஆள் இல்லை என்பதால் ஊரார் கார்களை மேற்பார்வை செய்கிறார். வெள்ளை நிற டர்போ கார் ஒன்று வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் அதன் முன்மூடியைத் திறந்துவைத்து, எதையும் தொடாமல், இடுப்பில் கைவைத்து நிற்பார். போகிறவர் வருகிறவர் ‘என்னாண்ணே ஆச்சு?’ என்று கேட்டே தீர வேண்டும். மாலையில் பெட்ரோல் நிலையத்துக்குப் போய்க் காற்றுக் குழாய்ப் பக்கம் நிற்பார். டயரில் காற்று குறைந்துவிட்டதா? இல்லை. அங்கே நின்றால்தான் எல்லாப் பம்புகளும் கண்ணுக்குத் தெரியும்.

அன்றைக்கு மாட்டியது மாதவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. புதுக் கார் வாங்கிப் பூசை போட்ட மஞ்சள் வாடைகூட இன்னும் போகவில்லை.

“என்னாம்மா மாதவி, டர்போ காருக்குப் போயி மஞ்சள ஊத்துற?”

“ஏண்ணே, நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும்லா. ஓடாதுன்னா சொன்னேன்? இப்ப ஓடும்.”

அந்த ‘இப்ப’வை அவர் இழுத்துச் சொன்ன விதத்தில் மாதவியின் கை பாதி டேங்கிலேயே நின்றுவிட்டது.

“மூடியிலயே தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்காங்களேண்ணே.”

“அவன் குளுகுளுன்னு ஏர்கோன்ல உக்காந்து எழுதுனது. நம்ம வெயிலு அவனுக்குத் தெரியுமா? சிரம்பான்ல ஒருத்தன் இப்படித்தான் மஞ்சளாவே ஊத்திக்கிட்டு இருந்தான். ஹைவேல போறப்ப டமார். பிஸ்டன் வெளிய வந்துருச்சு.”

இந்தச் சிரம்பான் ஆள் யார்? பெயர் என்ன? பார்த்தவர் யாரும் இல்லை. போன வருடம் அவருக்கு டர்போ வெடித்தது, தைப்பூசத்தின்போது கார் முழுக்கவே எரிந்தது, இப்போது பிஸ்டன். இவ்வளவு நடந்தும் அந்த மனிதர் மஞ்சளையேதான் ஊற்றிக்கொண்டிருக்கிறார். என்ன பிடிவாதமோ!

சரி, அர்ச்சுனன் எதை ஊற்றுகிறார்? ரந்தாவில் நான்கு பேர் பார்க்கும்போது பச்சை. கொஞ்சமாக, ஆனால் கைப்பிடியை நன்றாகத் தூக்கிப் பிடித்து. மிச்சத்துக்கு, தன்னைத் தெரியாத லாபு பக்கம் போய், மானிய விலைக்காக அடையாள அட்டையைச் செருகி, மஞ்சளை நிரப்பிக்கொண்டு வருவார். ஒரு தடவை நான் பார்த்துவிட்டேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

“சும்மா, டேங்க் கழுவுறதுக்கு,” என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் வரிசைக் கடைசி வீட்டுச் செல்லம் போய், மகள் ரோகினியின் கல்யாணத்துக்குக் கார் கேட்டார். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துத் தனியாக மகளை வளர்த்த தாய். பெண் ஒரு நல்ல காரில் போய் இறங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அர்ச்சுனன் பெருந்தன்மையோடு சம்மதித்தார். தாமே ஓட்டுவதாகவும் சொன்னார். இரவல் காரை முழு டேங்க் நிரப்பித் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்துக்குக் குந்தகம் வந்துவிடக் கூடாதே என்று, அர்ச்சுனன் எப்போதும் காலி டேங்கோடுதான் இரவல் கொடுப்பார்.

“ஒண்ணே ஒண்ணுதான் செல்லம். தொண்ணூத்தேழுதான் ஊத்தணும். வேற எதையும் என் காரு குடிக்காது.”

கல்யாணம் சுவாவில், ஒரு கோயில் மண்டபத்தில். உறவுக்காரர்கள் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். காரில் நான்கு பேர்: ஓட்டுபவராக அர்ச்சுனன், பக்கத்தில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நான், பின்னால் செல்லமும் பட்டுப் புடவையில் ரோகினியும். புறப்படும்போதே பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிலையத்தில் நிறுத்தினால், பச்சைக் கைப்பிடிக்கு பிளாஸ்டிக் பையைக் கட்டி, ‘ஹாபிஸ்’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். தீர்ந்துவிட்டதாம்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு நாளைக்கு மஞ்சள ஊத்துங்கண்ணே. முகூர்த்தம் போயிரும்,” என்றார் செல்லம்.

“என் உசுரு இருக்கிற வரைக்கும் அது நடக்காது. போற வழியில இன்னொரு எண்ணெக் கடை இருக்கு.”

போகிற வழி என்று அவர் பிடித்தது குறுக்குப் பாதை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் போகிற பாதை. அதில் கடைகள் இல்லை என்று நான் சொன்னேன். டர்போவுக்கு அது ஒரு மிதிதான் என்றார். மிதித்தார். நடுத்தோட்டத்தில் கார் மூன்று முறை குலுங்கியது, நின்றது.

அர்ச்சுனன் இறங்கினார். முன்மூடியைத் திறந்தார். இடுப்பில் கைவைத்தார்.

“பம்பு சூடாயிருச்சு,” என்றார்.

“எண்ணெ தீந்துபோச்சு மாமா,” என்றாள் ரோகினி.

“டர்போல அப்படித்தாம்மா காட்டும்.”

மண்டபத்துக்குப் போன் போட்டோம். அங்கிருந்து தோட்டத்துக்குள் யாராவது தேடி வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். மதியம் அதே மண்டபத்தில் வேறு கல்யாணம். குருக்களுக்கும் அதற்குப் பிறகு வேறு ஊரில் வேலை. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே சகுனம் பார்க்கிறவர்கள். செல்லம் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், தாம்பாளத்தில் தேங்காய் இருப்பது நினைவுக்கு வந்தது. நல்லவேளை, தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

தோட்டத்தில் புல் வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர். முதுகில் புல்வெட்டும் இயந்திரம், முன்னால் ஒரு பிளாஸ்டிக் கேன். ரோகினி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்ச் சாலை நடுவில் நின்றாள்.

“அபாங், மினியாக் அடா?”

எண்ணெய் இருக்கிறது, ஆனால் புல் இயந்திரத்துக்கானது, ஆயில் கலந்தது என்று அவர் கேனைக் காட்டினார். அர்ச்சுனனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“புல்லு வெட்டுற எண்ணெயா? என் டர்போவுக்கா?”

“மூடியத் தொறங்க மாமா.”

“கேளும்மா ரோகினி, சிரம்பான்ல ஒருத்தன்...”

“மாமா. மூடி.”

மூடி திறந்தது. வெட்டிய தண்ணீர் போத்தல் ஒன்றைப் புனலாக்கி, மருதாணிக் கையாலேயே அவள் பிடித்துக்கொண்டாள், தொழிலாளி ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் கார் இருமியது, மறுபடி இருமியது, பின்னால் கொசு மருந்து அடித்தது மாதிரிப் புகை விட்டது. பிறகு ஓடியது. நன்றாகவே ஓடியது. முகூர்த்தம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது நாங்கள் சுவாவில் இறங்கினோம். விரலில் பெட்ரோல் வாடையோடு ரோகினி மணவறையில் உட்கார, தாலி ஏறியது. செல்லம் முகத்தைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பந்தியில் அர்ச்சுனன் எதிரில் உட்கார்ந்திருந்தார். பாயசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“சாதாரணக் காரா இருந்தா அங்கயே செத்திருக்கும். இது தொண்ணூத்தேழு குடிச்சே வளந்த உடம்பு. அதான் அந்தக் கண்றாவியையும் தாங்கிக்கிச்சு.”

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கேட்பவர்கள் எப்போதும் தலையாட்டுவார்கள்.

சாயங்காலம் ரோகினியும் மாப்பிள்ளை ஹேமநாதனும் காரை எடுத்துக்கொண்டு போய் டேங்கை நிரப்பி வந்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஃபுல் டேங்க் மாமா. நிம்மதியா ஓட்டுங்க.”

“பச்சதானே?”

ரோகினி மணப்பெண்ணாக இருந்தாள் அல்லவா, தலையைக் குனிந்துகொண்டாள். அர்ச்சுனன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஊற்றியது மஞ்சள் என்று ஹேமநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

மறுவாரம் பெட்ரோல் நிலையத்தில், காற்றுக் குழாய்ப் பக்கம், அர்ச்சுனன். மாதவி மஞ்சளைக் கையில் எடுத்தவுடன் குரல் வந்தது.

“வேணாம்மா. செல்லம் மக என் காருக்கு ஃபுல் டேங்க் பச்ச ஊத்திக் குடுத்துச்சு. பிக்-அப்பப் பாக்கணுமே! தொட்டா பறக்குதுலா. ஊத்துறவங்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.”

மாதவி மஞ்சளை வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? ரோகினி ஊற்றியது தப்பாகிவிடும், பிக்-அப் அன்றைக்கே படுத்துவிடும், சிரம்பான் ஆளுக்கு இன்னொரு பிஸ்டன் போகும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் புனலைப் பிடித்து ஊற்றவைத்த இடத்தில், அவளுடைய முகூர்த்தத்தை விட்டுவிட்டு, ‘ஐயோ, ஆயில் கலந்ததை ஊற்றினால் சென்சார் போய்விடுமே’ என்று உங்களுக்குள் யாரோ முணுமுணுத்தார்களா? ‘என்ன இருந்தாலும் டர்போவுக்கு...’ என்று எனக்கு ஒரு வரி எழுதி அனுப்ப விரல் துடித்ததா? உங்களுக்கும் தெரிந்த ஒருவர் சிரம்பானில் இருக்கிறாரா?

அப்படியானால் மாலையில் ரந்தாவுக்கு வாருங்கள். காற்றுக் குழாய்ப் பக்கம் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது.