வெள்ளை முட்டை வாங்கப் போன ஆச்சி

வாயைத் திறக்காதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் எப்போதாவது சொல்வதெல்லாம் உண்மை என்று ஊர் நம்பிவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு முறை பெருமை பேசினேன். அதுவும் கோழியை நம்பி.

காரைக்குடியிலிருந்து வந்து, சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் மகனோடும் மருமகள் கலாவோடும் பேத்தி மீனுவோடும் இருக்கிறேன். அவர்கள் இருப்பது அடுக்குமாடி இல்லை, வாடகைக்கு எடுத்த தரை வீடு. எனக்குப் பொழுது போகட்டும் என்று மகன் பின்பக்கம் வலை அடித்து நாலு லெகார்ன் கோழி வாங்கி விட்டான். கோழியும் வெள்ளை, முட்டையும் வெள்ளை. அடைகாக்கும் யோசனையே அவற்றுக்குக் கிடையாது. போடும், கத்தும், மேயப் போய்விடும். (என்னைப் போல் கூச்சம் இல்லை. ஒரு முட்டைக்குத் தெருவையே கூட்டும்.)

ஒருநாள் லிட்டில் இந்தியாவில் பூ வாங்கும்போது கலாவின் அம்மா கூட வந்திருந்தார். தனம் சம்பந்தி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு ‘லா’ போடுவார், கேக் செய்வதில் கெட்டிக்காரி.

“மீனு பர்த்டேக்கு நான்தான் கேக் செய்றேன். கடை முட்டை ஒரே வாடை லா,” என்றார்.

எந்தப் பேய் என் நாக்கில் உட்கார்ந்ததோ தெரியவில்லை. “கடை முட்டை எதுக்கு சம்பந்தி? நம்ம கோழி தினம் போடுது. நான் கொண்டாறேன்,” என்றேன்.

பூக்கடையில் நின்றபடியே அவர் தன் தங்கைகளுக்குப் போன் போட்டுவிட்டார். “சம்பந்தி வீட்டுக் கோழி முட்டை, அப்படியே வெள்ளையா இருக்கும், வந்து பாருங்க லா.” அந்த நிமிடத்திலிருந்து என் மானத்தோடு அவர் மானமும் அந்த நாலு கோழியின் பின்பக்கத்தை நம்பி நின்றது.

சம்பந்திக்குச் சுத்தமான புது முட்டைதான் போக வேண்டும் என்று, இருந்த முட்டைகளைக் கலாவிடம் ஆம்லெட்டுக்குக் கொடுத்துவிட்டு, கூட்டை மருந்து போட்டுக் கழுவினேன். கூட்டில் எப்போதும் ஒரு முட்டையை விட்டுவைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கோழி மறுபடி அங்கே போடும். கோழி வளர்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். சுத்த வெறியில் அதையும் எடுத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து கத்தல் கேட்டது, கூடு காலி. “என்னடி, போட்டியா இல்லையா?” என்று கேட்டால் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தன.

பிறந்தநாளன்று காலை பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சீனர் கடைக்குப் போனேன். முட்டை எல்லாம் பழுப்பு நிறம். ஓரத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு அட்டை முட்டை இருந்தது, கொஞ்சம் பெரிதாக. அதைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த இந்தோனேசியப் பணிப்பெண் ஓடி வந்து, என் கையைத் தொட்டு, “ஆசின், ஆசின்,” என்றாள்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் வயதான பெண்களை ஆச்சி என்பார்கள். கடல் கடந்து ஒரு பெண் என்னைப் பார்த்ததும் ஆச்சி என்கிறாளே. சிரித்தபடி தலையாட்டினேன். அவள் இன்னும் பதறிப்போய், “ஆசின்,” என்று முட்டையைக் காட்டினாள். “ஆமாம்மா, ஆச்சிக்குத்தான்,” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளமெண்டியில் சம்பந்தியின் அடுக்குமாடி வீட்டில் அவர் தங்கைகள் எல்லாரும் அடுப்படி வாசலில் கூடிவிட்டார்கள். சம்பந்தி ஒரு முட்டையை உயர்த்திக் காட்டினார். “எவ்ளோ பெருசு பாருங்க.” கிண்ண ஓரத்தில் தட்டினார். உடையவில்லை. ஓங்கித் தட்டினார். ஓடு நொறுங்கியது, உள்ளே இருந்து ஒன்றும் ஒழுகவில்லை.

சம்பந்தி என்னைப் பார்த்தார். “உங்க கோழி அவிச்சே போடுதா?”

ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். “உப்பும் போட்டிருக்கு.”

பேத்தி மீனு கேட்டாள்: “அப்பத்தா, மிளகும் போடுமா?”

தரை பிளந்தால் கோழியோடு உள்ளே போயிருப்பேன். கண் கலங்கிக்கொண்டு கடைக்குப் போன கதையைச் சொன்னேன். “அந்தப் பொண்ணு மரியாதையா ஆச்சின்னு கூப்பிட்டுச்சு. எப்படி வேணாம்னு வைக்கிறது?”

“ஆச்சின்னா கூப்பிட்டா? எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே சொல்லுங்க,” என்றார் சம்பந்தி.

“ஆசின், ஆசின்னு.”

சம்பந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, அவங்க பாஷைல ஆசின்னா உப்பு லா சம்பந்தி. இது அவிச்ச உப்பு வாத்து முட்டை. உப்பு, உப்புன்னு அந்தப் பொண்ணு கத்தியிருக்கு, நீங்க ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்திருக்கீங்க.”

தங்கைகளில் ஒருவர் கீழே ஓடிப் பழுப்பு முட்டை வாங்கி வந்தார். கேக் வெந்து வருவதற்குள் பசி தாங்காமல், கஞ்சி வைத்து என் முட்டையைத் தொட்டுக்கொண்டு எல்லாரும் சாப்பிட்டுவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் ஒரு கோழி, பின்பக்கத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு கேக்குக்கென்ன, கல்யாணக் கேக்குக்கே முட்டை கிடந்தது.

அன்றிலிருந்து மீனுவுக்கு நான் அப்பத்தா இல்லை, ஆசின் ஆச்சி. குழம்பில் உப்புக் கூடினால் சம்பந்தி, “உங்க கோழி வந்துட்டுப் போச்சா?” என்பார்.

அந்தப் பணிப்பெண்ணை இப்போதும் கடையில் பார்ப்பதுண்டு. கலா சொல்லிக்கொடுத்து, அவள் என்னை ஆச்சி என்று சரியாகவே கூப்பிடுகிறாள். நான்தான் ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.