கிளியின் தாள ஞானம்

கிளி தலையாட்ட மறுத்துவிட்டது.

மேஜைமேல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் கிளி, வேலை கேட்டு வந்தவரைப் பார்க்கும் மேலதிகாரி மாதிரி பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தது. ஓர் இறகுகூட அசையவில்லை.

உயிரியல் பேராசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. குரலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லக் கற்கும் உயிர்களுக்குத்தான் தாளம் பிறவியிலேயே மூளையில் அமைந்திருக்கிறது; மனிதன் பாடத் தொடங்கிய கதைக்கு முன்னுரை கிளியின் கழுத்தில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. தினமும் காலையில் பாட்டைப் போட்டுவிட்டு இதை மனைவிக்கு விளக்குவார். கிளி தப்பாமல் தலையாட்டும். அந்தத் தைரியத்தில்தான் பல்கலைக்கழகக் குழுவை வீட்டுக்கே வரவழைத்திருந்தார். கிளி ஆடினால் தனி ஆய்வுக்கூடம். ஆடாவிட்டால், இப்போதிருக்கும் அறையும் உடைந்த நாற்காலிகளுக்குப் போய்விடும்.

குழுத் தலைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "சோதனை முடியறவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது சார். கிளிக்கு எடுத்துக் கொடுத்தீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

பேராசிரியர் கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார்.

"சத்தத்தைக் கூட்டணுமாம்," என்று மொழிபெயர்த்தபடி மனைவி கூட்டினாள். கிளி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

பேராசிரியர் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

"மிளகாய் குடுக்கணுமாம்."

கிளி மிளகாயை ஆற அமரத் தின்றது. உண்ட களைப்பில் கண்ணை மூடியது.

வேறு வழியில்லாமல் பேராசிரியரே தலையை ஆட்டி மேஜையில் தாளம் போட்டுக் காட்டினார்.

"சாருக்கு நல்லா வருது. அதுக்குத்தான் வரலை," என்றார் குழுவின் இன்னொரு உறுப்பினர்.

ரோஷத்தில் விழுந்த அடுத்த அடியில் மேஜை ஆடியது. பாட்டுப்பெட்டி கீழே விழுந்து வாயை மூடிக்கொண்டது.

தலைவி பையை எடுத்தார். "அப்ப நாங்க கிளம்பட்டுமா?"

பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நிமிஷம் மேடம். அடிப்படை என்னன்னா, நாய்க்கு எவ்வளவு பாட்டு போட்டாலும் தாளம் பிடிபடாது. ஏன்னா அதோட மூளையில..."

கிளி கண்ணைத் திறந்தது. திரும்பி உட்கார்ந்து தலையை ஆட்டியது. அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். மறுபடியும் ஆட்டியது.

"பாத்தீங்களா மேடம்."

"பாட்டுதான் நின்னுடுச்சே சார்."

"நமக்கு நின்னுடுச்சு. அதுக்கு உள்ளுக்குள்ள ஓடிட்டிருக்கு. பிறவி ஞானம்னா அதுதான்."

கிளி அதற்கும் ஆட்டியது.

தலைவி அசந்துபோய்ப் பையைக் கீழே வைத்தார். பேனாவைத் திறந்துகொண்டே மனைவியிடம் திரும்பினார். "கூடவே இருக்கீங்களேம்மா, நீங்க சொல்லுங்க. இதுக்கு இவ்வளவு ஞானம் எங்கேருந்து வந்தது?"

மனைவி கிளியைப் பரிவோடு பார்த்தாள்.

"ஞானமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. இவர் விளக்க ஆரம்பிச்சா தலையாட்டிட்டே இருந்தாத்தான் சீக்கிரம் முடிப்பார்னு என்னைப் பாத்துக் கத்துக்கிச்சு."