கூட்டில் விழுந்த புழு

வாயைத் திறந்து கெட்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. கெட்டு, அதனாலேயே பிழைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளில் நான் திண்டுக்கல்லில் அறிவியல் டீச்சர். (தலைக்கனம் கொஞ்சம் உண்டு.) ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பம் என்னைப் பெண் பார்த்துப் பிடித்துப்போய், சாப்பிட வந்திருந்தது. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. முந்தின நாளே அவர்கள் மண்டியிலிருந்து ஒரு கூடை அவரைக்காய் அனுப்பியிருந்தார்கள். அம்மா அதைத்தான் கூட்டு வைத்திருந்தாள்.

நான் பரிமாறினேன். மாப்பிள்ளையின் அம்மா, "பள்ளிக்கூடத்துல இப்ப என்ன பாடம் நடத்தற கண்ணு?" என்று அன்பாகக் கேட்டார். அவர் கேட்டது மெதுவாக. நான் சொன்னது வகுப்பில் சொல்வதுபோல உரக்க, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இலையில் கூட்டு வைத்துக்கொண்டே.

"கூட்டுப்புழுங்க."

இலைக்குப் போன கைகள் அந்தரத்தில் நின்றன.

"ஏனுங்க, எங்க காயிலயா புழு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. முகம் சிவந்துவிட்டது.

அடுக்களையிலிருந்து அம்மா, "அம்புட்டையும் உப்புத் தண்ணியில அலசித்தானே போட்டேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள். (எரிகிற அடுப்பில் எண்ணெய்.)

பதறினால் பாடம் நடத்துவது என் வியாதி. "இந்தக் கூட்டு இல்லைங்க. கூடுங்க. வீடு, வீட்டுன்னு ஆகுதுல்ல, அப்படிக் கூடு, கூட்டுன்னு ஆகும். கூட்டுக்குள்ள இருக்கிற புழு. அதுதான் பட்டாம்பூச்சியா வெளிய வரும். நாங்க படிக்கிறப்ப ப்யூபான்னு சொல்லுவாக. லத்தீன்ல பொம்மைன்னு அர்த்தமாம்."

சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் பொம்மையாக நிற்க வேண்டியவள், கரண்டியை ஆட்டிக்கொண்டு லத்தீன் பேசினேன். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கூட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "இன்னொரு கரண்டி பட்டாம்பூச்சி வைங்க டீச்சர்" என்றார். அவர் அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாருடைய கையும் நனைந்தது. முதலில் நனைந்த மாப்பிள்ளையின் கையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கூட்டுக்குப் பெயர் பட்டாம்பூச்சி. பின்னாளில் எங்கள் மகளைப் பார்த்துப் பிடித்துப்போனவர்கள் சாப்பிட வந்தபோது, இவர் பழக்கதோஷத்தில், "பட்டாம்பூச்சி இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்றார்.

இலைக்குப் போன கைகள் அந்தரத்தில் நின்றன. நான் கரண்டியோடு முன்னால் வந்தேன்.

"ஒண்ணுமில்லைங்க, கூடுன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல…"