குடிவந்த கம்ப்யூட்டர்

“அப்பா, ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே படிங்க” என்றாள் மகள், போனில்.

மீட்டர்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். “வர்ச்சுவலைசேஷன் அணைக்கப்பட்டிருக்கிறது. பயாஸுக்குள் போய் அதை இயக்கவும். அவ்வளவுதான் பாப்பா. யாரு அணைச்சாங்கன்னு போடலை.”

“யாரும் அணைக்கலைப்பா. வாங்கும்போதே சிலதுல அப்படித்தான் இருக்கும். அதை ஆன் பண்ணினாத்தான் இந்த லேப்டாப்புக்குள்ள நம்ம பழைய கம்ப்யூட்டர் ஓடும்.”

“சுவிட்ச் எங்க இருக்கு? அடியிலயா?”

“சுவிட்ச் எல்லாம் கிடையாது. லேப்டாப் ஆன் ஆகிறப்போ எஃப் டூ பட்டனை அழுத்திக்கிட்டே இருங்க. ஒரு நீலப் பக்கம் வரும், அதுதான் பயாஸ். எனக்கு மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன். வேற எதையும் தொட்டுடாதீங்க!”

தொடுவாரா? வாழ்நாள் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் கணக்கெடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் தன்னிடம் வாலாட்ட முடியாது என்பது அவருடைய நம்பிக்கை.

ஆனால் இப்போது வீட்டில் ஓடாமல் நின்றிருந்தது மனைவியின் பேச்சு.

மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். போன மாதம் அவர் பள்ளிப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு வெளியூர் போயிருந்த நேரத்தில், கடைக்காரன் ஒருவன் ‘பழசைக் கொடுங்க, புதுசை எடுத்துக்கோங்க’ என்றான். மீட்டர்காரர் யாரையும் கேட்காமல் கூடத்து மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்குள் இருந்ததை எல்லாம் கட்டை விரல் அளவு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, இந்த லேப்டாப்போடு வந்தார். மனைவி அசந்துபோவாள் என்று நினைத்தார்.

டீச்சர் காலி மூலையைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “இது என்ன, பரீட்சை அட்டையா?” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து எல்லாம் விசில்தான். ஒரு விசில் என்றால் சாப்பாடு ரெடி. இரண்டு விசில் என்றால் தண்ணீர் மோட்டாரை அணைக்க வேண்டும். நீளமாக ஊதினால், என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை உடனே நிறுத்த வேண்டும்.

சீட்டாட்டம் போன கோபம் என்று மீட்டர்காரர் முடிவு கட்டினார். பென் டிரைவில் இருந்த பழைய கம்ப்யூட்டரை அப்படியே லேப்டாப்புக்குள் எழுப்பிவிட மகளைப் பிடித்தார். வேறு என்னவாக இருக்க முடியும்? டிரங்குப் பெட்டி அளவு திரையோடு உட்கார்ந்திருந்த அந்தக் கம்ப்யூட்டரில் டீச்சர் சாயங்காலமானால் தனியாகச் சீட்டு ஆடுவார். மீட்டர்காரர் வேலை முடிந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார். “அந்தச் சிவப்பு ராணியைத் தூக்கிக் கறுப்பு ராஜா மேல வை” என்பார். “தெரியும், சும்மா இருங்க” என்பார் டீச்சர். அப்படியே பேச்சு வளரும். தலைமையாசிரியையின் அலட்டல், மீட்டர் பார்க்கப் போனபோது எந்த வீட்டு நாய் துரத்தியது, மகள் கணக்கில் வாங்கிய மார்க்கு, எல்லாம் அந்த மூலையில் நின்றபடி பேசியவைதான். மழைக்காலத்தில் வீட்டிலேயே அந்த மூலைதான் கதகதப்பாக இருக்கும். இப்போது அங்கே ஒரு பூ ஜாடி இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்னவோ செய்தது.

வெளியே ஒரு மாதமாக விட்டு விட்டு மழை, ஒரு வாரமாக அடைமழை. பள்ளிக்கு லீவு. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி ஈரத் துணி தொங்கியது. டீச்சர் உள்ளறையில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மீட்டர்காரர் லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்து, எஃப் டூவைத் தேடினார். விரல் போய்ச் சேர்வதற்குள் அது முழுசாக எழுந்து உட்கார்ந்திருந்தது. பழைய கம்ப்யூட்டர் என்றால் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். உறுமும், இருமும், யோசிக்கும். ஒரு மரியாதை இருந்தது. இது என்ன அவசரம்?

அடுத்த முறை விரலை முன்கூட்டியே எஃப் டூ மேல் வைத்து அழுத்தினார். திரையின் வெளிச்சம் குறைந்தது. மறுபடி அழுத்தினார். இன்னும் குறைந்தது. கடைசியில் திரையே இருண்டுபோனது.

எது மக்கர் செய்தாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். லேப்டாப்பின் வயரைப் பிடுங்கினார். வாசலுக்குப் போய் மெயினை அணைத்தார். ஃபிரிட்ஜ் அடங்கியது, மின்விசிறி நின்றது, இஸ்திரிப் பெட்டி ஆறியது. உள்ளறையிலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.

அவசரமாக மெயினைப் போட்டார். போட்ட கையோடு, பழக்கதோஷம், மீட்டரில் ரீடிங்கையும் பார்த்துவைத்தார். உள்ளே வந்தால், பேட்டரி உபயத்தில் லேப்டாப் எதுவுமே நடக்காத மாதிரி ஓரத்து விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் போன் செய்தார். “பாப்பா, எஃப் டூ என்னை ஏமாத்துது.”

“ஐயோ அப்பா, ஓரத்துல எஃப்.என்.னு இன்னொரு பட்டன் இருக்கும். ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க” என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

இந்த முறை நீலப் பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியாக இறங்கினார். வர்ச்சுவலைசேஷன், டிசேபிள்டு. அதை எனேபிள்டு என்று மாற்றினார். தெருவுக்கே கரண்ட் கொடுத்தவர் மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

அத்தோடு வெளியே வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மீட்டர்காரர் தன் வாழ்நாளில் திறந்த எந்தப் பெட்டியையும் சீல் வைக்காமல் மூடியதில்லை. இங்கேயும் சீல் வைக்க ஏதாவது இருக்க வேண்டுமே என்று தேடினார். இருந்தது. பாஸ்வேர்டு போடு என்றது ஒரு வரி. சீல் வைக்கும்போது அந்த நேரத்து ரீடிங்கைப் பதிய வேண்டும் என்பது விதி. சற்று முன் வாசலில் பார்த்த ரீடிங்கை அப்படியே தட்டினார். இரண்டாம் முறை கேட்டது. அதையே தட்டினார். சேமித்தார்.

அப்போது பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது. பிடுங்கிய வயரை அவர் திரும்பச் செருகியிருக்கவே இல்லை.

சரி, சார்ஜ் ஏறட்டும் என்று செருகிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். மழைக்கு நல்ல தூக்கம்.

சாயங்காலம் ஆன் செய்தால், லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. ஒரு காலத்தில் தெரு முழுக்க ரீடிங்கை மனப்பாடமாக ஒப்பிப்பார். இப்போது ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ‘அதனால் என்ன, மீட்டர் எங்கே போய்விடும்?’ குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் ரீடிங்கைப் பார்த்து வந்து தட்டினார். தவறு என்றது. மறுபடி போய்ப் பார்த்து வந்தார். மறுபடியும் தவறு.

அப்போதுதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். மீட்டர் ஓடிக்கொண்டே அல்லவா இருக்கிறது! மதியத்து ரீடிங் வேண்டுமென்றால், அதற்குப் பிறகு வீடு எவ்வளவு மின்சாரம் குடித்தது என்று கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். ஃபிரிட்ஜ், விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் போட்டார். இஸ்திரிப் பெட்டிதான் இடித்தது. அது டீச்சருக்குத்தான் தெரியும்.

உள்ளறை வாசலில் போய் நின்றார். டீச்சர் வெள்ளைச் சாக்ஸ் ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஆவி பறந்தது.

“மதியத்துல இருந்து இது எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்?”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு விசில் ஊதினார்.

“ஒண்ணுன்னா அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா?”

காது கிழிகிற மாதிரி ஊதினார்.

“சரி, சரி. ஒரு மணி நேரம்.”

கழித்துத் தட்டினார். தவறு. மூன்று முறைக்கு மேல் லேப்டாப் முறைத்துக்கொண்டது. அணைத்து, ஆன் செய்து, மோட்டாரைக் கொஞ்சம் குறைத்து, ஃபிரிட்ஜைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி தட்டினார். திறந்துகொண்டது! வேலையில் இருந்த காலத்தில்கூட ஒரு வீட்டுக் கணக்கை அவர் இவ்வளவு நேர்மையாகப் பார்த்ததில்லை.

திறந்ததும் இன்னொரு நீலத் திரை வந்தது. உள் அமைப்பு மாறியிருக்கிறது, நீங்கள்தான் என்று நிரூபிக்க நீளமான எண் ஒன்றைப் போடுங்கள் என்றது. மகளைக் கூப்பிட்டார்.

“என்னத்தைத் தொட்டீங்க?”

“ஒண்ணும் தொடலை பாப்பா. சீல் மட்டும்தான் வெச்சேன்.”

“சீலா?”

மகள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனில் தெளிவாகவே கேட்டது. லேப்டாப் பதிவாகியிருந்த அவளுடைய இணையக் கணக்கில்தான் அந்த எண் இருந்தது. அவள் படிக்கப் படிக்க, ஒரு எண்கூடப் பிசகாமல் இவர் தட்டினார். எண் விஷயத்தில் கை இன்னும் பழைய கைதான்.

“இப்போ ஓட விடுங்கப்பா” என்றாள் மகள்.

லேப்டாப் திரைக்குள் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதற்குள் பழைய கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி நிதானமாக விழித்தது. மகள் எட்டு வயதில் வரைந்த, ஐந்து கால் உள்ள பசு திரை முழுக்க வந்து நின்றது. அந்தப் பசுவின் ஐந்தாவது கால் வால்தான் என்று மகள் அழுது அடம்பிடித்த சாயங்காலம் மீட்டர்காரரின் கண்முன் வந்தது.

“டீச்சரம்மா! கொஞ்சம் வந்து பாரேன்!”

டீச்சர் வந்தார். பச்சை விரிப்பில் சீட்டுகள் தயாராகக் காத்திருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு முழுக் கம்ப்யூட்டரைச் சுமக்கிற பாரத்தில் அந்த மெல்லிய லேப்டாப் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். முகம் மலர்ந்தது.

“என்னங்க, இது சுடுதே!”

ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் ‘என்னங்க’. மீட்டர்காரர் பூரித்துப்போய் வாய் திறப்பதற்குள், டீச்சர் உள்ளே ஓடி ஈரச் சாக்ஸோடு திரும்பி வந்தார். லேப்டாப்பின் ஓரத்தில், சூடான காற்று வரும் இடத்தில், ஜோடியாக விரித்துவைத்தார்.

“அந்தப் பழைய பெட்டிக்குப் பின்னாடி காயப்போட்டவரைக்கும் ஒரு நாளாவது ஈரச் சாக்ஸ் போட்டுக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிருப்பேனா? இந்த ஒரு மாசமாக் காலெல்லாம் ஊறிப்போச்சு.”

“அப்போ... சீட்டு?”

“காயற வரைக்கும் சும்மா உட்கார முடியுமா?” என்றபடி நாற்காலியை இழுத்துப்போட்டு ஆட ஆரம்பித்தார்.

மீட்டர்காரர் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றுகொண்டார். சிவப்பு ராணியைக் காட்டினார். “தெரியும், சும்மா இருங்க” என்று பதில் வந்தது. தலைமையாசிரியை மழையில் வழுக்கி விழுந்த கதையும் வந்தது. சிரித்தார். ஆனாலும் மனசு ஓரத்தில் சுருக்கென்றது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

“கேட்டியா பாப்பா? உங்கம்மா ஒரு மாசமாப் பேசாம இருந்தது சாக்ஸுக்காம். நான் என்னமோ... போகட்டும், விடு.”

குளியலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

“அது யாருப்பா, அம்மாவா?”

“ஆமா. இந்நேரத்துக்கு என்னத்தைத் துவைக்கிறாளோ.”

மகள் சிரித்தாள். “துவைக்கலைப்பா. பழைய கம்ப்யூட்டர் இருந்தப்பவே, நீங்க பின்னாடி நின்னு பேசுற அன்னிக்கெல்லாம், நீங்க தண்ணி குடிக்கப் போற நேரமாப் பார்த்து, காஞ்ச சாக்ஸை அம்மா மறுபடி நனைச்சுப் போடுவாங்க.”