ஜீப்புக்கு அடியில் கண்ணை மூடிப் படுத்த கதை

பயந்த சுபாவக்காரர்கள் எதையும் நன்றாகப் பரிசோதித்துத்தான் வாங்குவார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தத் தப்பு. பயந்தவன் வண்டி வாங்கப் போனால் தன் பயத்தைத்தான் மேலும் கீழுமாகப் பரிசோதித்துவிட்டு வருவான். வண்டி பாட்டுக்கு அப்படியே நிற்கும்.

இதை எனக்கு விளங்கவைத்தது ஒரு பழைய பெட்ரோல் ஜீப். எழுபதுகளின் கடைசி. இடம் மட்டாஞ்சேரி.

என் மாமனாருக்கு பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு வியாபாரம். தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. (வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்ட எனக்கு அவர் தன் பெண்ணையும் கொடுத்து, கடையில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார ஓர் இடமும் கொடுத்திருந்தார். மலைப்பக்கம் போய் விவசாயிகளிடமே நேராகச் சுக்கு வாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் பாதைகளில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும். பெட்ரோல் விலை எகிறிக்கொண்டிருந்த காலம் என்பதால், பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை யார் தலையிலாவது கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா என் தலையைத் தேர்ந்தெடுத்தார்.

"மாப்ளே, நீயே போய்ப் பாத்து முடி. புடிச்சிருந்தா என் பேர்ல கை குடுத்துரு. வண்டி சரியா அமைஞ்சா மலைக் கொள்முதல் உன் பொறுப்பு."

சரியாக அமையாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சாக்கு மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். அது போதும்.

இந்தக் 'கை கொடுப்பது' பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் அங்காடியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் நம் கையைப் பிடித்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். விரலுக்கு ஒரு கணக்கு. பேச்சு முடிந்து முழுக் கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துவிட்டால், 'நீ கேட்ட விலைக்கே சம்மதம், பொருள் இனி என்னுடையது' என்று அர்த்தம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அப்படிக் கொடுத்த கையை மாமா ஒரு தடவைகூடப் பின்வாங்கியதில்லை. வாங்கிய மிளகு மழையில் நனைந்து பூசணம் பிடித்தபோதுகூட முகம் சுளிக்காமல் பணத்தை அனுப்பி வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதருடைய பெயர் இப்போது என் கையில் இருந்தது. என் கையோ, சாயா கிளாஸைப் பிடித்தாலே கிளாஸ் சாஸரில் தாளம் போடுகிற கை.

நான் ஊரெல்லாம் யோசனை கேட்டேன். 'எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறான்' என்றார் ஒருவர். 'நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிற எஞ்சின், கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் குடிக்கிற எஞ்சின்' என்றார் இன்னொருவர். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா பார், ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது பார் என்றார்கள். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது இது: 'கடற்கரை ஊர் வண்டி, உப்புக்காற்று தின்றிருக்கும். கட்டாயம் அடியில் போய்ப் பார்.'

அவ்வளவையும் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இதில் பாதி செய்திருந்தால் ஒன்பதாம் வகுப்பைப் பார்த்திருப்பேன். ராத்திரி தூக்கத்தில் 'நீலம் ஆயில், கறுப்பு பெட்ரோல்' என்று நான் முனகியதாக என் மனைவி பார்வதி சொன்னாள். காலையில் திருநீறு பூசிவிட்டுக் கேட்டாள், "ஜீப் வாங்கத்தானே போறீங்க? ஆபரேஷனுக்கு இல்லையே?"

வண்டிக்குச் சொந்தக்காரர் மரக்கடை வர்க்கிச் சேட்டன். நல்ல வாட்டசாட்டமான மனுஷர். கூடவே எங்கள் சுக்குத் தரகர் அஸீஸ் இக்காவும் தோளில் துண்டோடு வந்திருந்தார். (இக்காவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் துண்டுக்கு அடியில் வராத எதையும் மாமா வாங்கமாட்டார்.)

பானெட்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. சேட்டன் ஸ்டார்ட் செய்தார், நாலாவது உறுமலில் பிடித்தது. புகை நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை, ஏதோ சாம்பல் நிறம். சாம்பலுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தரவில்லையே என்று கலங்கிப்போனேன். பிறகு, அடியில் போகவேண்டிய கட்டம் வந்தது.

சாக்கை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். தலைக்கு மேலே அத்தனை டன் இரும்பு. ஹேண்ட் பிரேக் பிடிக்குமா என்று பார்க்கவில்லையே என்ற ஞாபகம் அப்போதுதான் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மூடியவன் மூடியவன்தான். தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். வரிசை முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். உடனே வெளியே வந்தால் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைப்பார்களே என்று இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு நகர்ந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரித் தலையை ஆட்டிச் சொன்னேன்: "அடியில எல்லாம் சரியா இருக்கு."

வர்க்கிச் சேட்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போது அது மரியாதை என்று நினைத்தேன்.

நாலு சக்கரமும் இழுக்கிறதா என்பதை ரோட்டில் பார்க்க முடியாது, மணலில்தான் பார்க்கமுடியும். ஆகவே கோட்டைக் கடற்கரைக்குக் கிளம்பினோம். சேட்டன் ஓட்டினார். நானும் இக்காவும் பின்னால் பக்கவாட்டுப் பலகையில். வண்டியின் திறந்த பின்புற ஓரத்தில் நான் இருந்தேன். வெளியே உருண்டுவிடாமல் இருக்க வலது கையால் ஹூட்டைத் தாங்கும் இரும்புக் குழாயைத் தழுவிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த இக்கா, நேரத்தை வீணாக்காமல், மிச்சமிருந்த கையைப் பிடித்துத் துண்டைப் போட்டார். சேட்டனின் விலையை அவர் முன்பே விரல் பிடித்துக் கேட்டு வைத்திருந்தார். இப்போது அதை எனக்குச் சொன்னார். நான் பாதியைப் பிடித்தேன். அவர் சிரித்தார். நான் இன்னொரு விரலைத் தயங்கித் தயங்கித் தொட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஜீப் ரோட்டிலிருந்து மணலுக்குள் பொத்தென்று குதித்தது.

"ஐயோ அம்மா!" என்று துண்டுக்கு அடியில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பிடித்தேன். எலும்பு நொறுங்கும்படி பிடித்தேன்.

இக்கா முகம் மலர்ந்துபோனது. "சேட்டா! மருமோன் கை கொடுத்தாச்சு! சொன்ன விலைக்கே!"

"இல்ல இக்கா, அது பயத்துல..."

"பயத்துல பிடிச்சாலும் பிடி பிடிதானே மோனே."

வர்க்கிச் சேட்டன் உற்சாகத்தில் வண்டியை நேரே ஈர மணலில் விட்டார். நாலடி போனதும் பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்துக்கொண்டு புதைந்தன. "பேடிக்கண்டா, பயப்படாதே" என்று நாலு சக்கர லீவரைத் தள்ளினார். பின்சக்கரங்கள் இன்னும் வேகமாகச் சுற்றின. முன்சக்கரங்கள் இரண்டும் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடடா! முன்பக்கம் ஷாஃப்ட் இல்லையே! பெட்ரோல் லாபத்துக்காக டிரைவர் கழட்டினது. வீட்டு மச்சுல கிடக்குது."

"இதை முன்னாடியே சொல்லவேண்டாமா சேட்டா?"

"நீதானே அடியில போய் அவ்வளவு நேரம் படுத்துப் பார்த்தே! எல்லாம் சரின்னு சொன்னியே! ஷாஃப்ட் இல்லாம போனாலும் பரவாயில்லைன்னு நினைக்கிற ஆளுன்னுதான் நான் கருதினேன்."

முன்சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து இழுப்பைக் கொண்டுபோகிற முழு நீள இரும்புத் தண்டு அது. என் மூக்குக்கு நேர் மேலே இல்லாமல் இருந்திருக்கிறது.

கடல் ஏறத் தொடங்கியது. முதல் அலை டயரை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்தது உறவுக்காரன் மாதிரி உள்ளேயே வந்துவிட்டது. நான் கையால் மணலைத் தோண்டினேன். தோண்டிய குழியில் தண்ணீர் நிரம்பியது. வர்க்கிச் சேட்டனோ கரையில் ஏறி நின்று, தள்ளுவண்டிக்காரனிடம் சாயா வாங்கி ஊதி ஊதிக் குடித்தார்.

"வந்து தள்ளுங்க சேட்டா!"

"வண்டி இப்போ உங்களோடதல்லே?" என்றார் அமைதியாக.

கை கொடுத்தாயிற்று. அரபிக்கடல் தின்றுகொண்டிருந்தது மாமாவின் ஜீப்பை. அதைவிட மோசம், முடியாது என்று மறுத்தால் போவது மாமாவின் பெயர். மலைக் கொள்முதல், மரியாதை, பார்வதியின் முகம் எல்லாம் அலையோடு போவதைப் பார்த்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். அழுதேன் என்று இக்கா சொல்வார். உப்புத் தண்ணீர் தெறித்தது என்று நான் சொல்வேன்.

அந்த வழியாகப் போன அங்காடி ஆள் யாரோ செய்தி சொல்லியிருக்கவேண்டும். மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. இக்காவிடம் போனார்.

"கை குடுத்தானா?"

"கொடுத்தான், முதலாளி. முழுக் கை."

"எங்க உட்கார்ந்து குடுத்தான்? காட்டு."

நாங்கள் இருவரும் நனைந்தபடி ஜீப்பில் ஏறி, பழையபடி உட்கார்ந்தோம். நான் பழக்கதோஷத்தில் குழாயைக் கட்டிக்கொண்டேன். இக்கா துண்டைப் போட்டுக் கையைப் பிடித்தார். மாமா வேட்டியை மடித்துக்கட்டி, தண்ணீரில் இறங்கி வந்து, துண்டை மெல்லத் தூக்கினார்.

"அஸீஸே, இது எந்தக் கை?"

இக்கா குனிந்து பார்த்தார். தேள் கொட்டியது மாதிரி விட்டுவிட்டார். இடது கை.

இடது கையால் கொடுத்த வாக்கு எங்கள் அங்காடியில் வாக்கே இல்லை. அதை வாங்கின தரகர்தான் வெட்கப்படவேண்டும். "படச்சோனே! இத்தனை வருஷத் தொழில்ல..." என்று இக்கா துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டுக்குள்ளிருந்தே, கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "கச்சவடம் செல்லாது, வியாபாரம் ரத்து! வண்டி வர்க்கியோடது!"

கரையில் சாயா கிளாஸ் விழுந்து உடைந்தது.

அதற்கப்புறம் ஒரு மனிதர் அவ்வளவு வேகமாகக் கடலில் இறங்கி நான் பார்த்ததில்லை. "என்டெ ஈசோயே! என் வண்டி! யாராவது பிடிங்களேன்!" என்று சேட்டன் போட்ட கூச்சலில் கரையில் சீனவலை இறக்கும் மீனவர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். நான் கரையேறி ஒரு சாயா வாங்கினேன். என் வாழ்க்கையில் அத்தனை ருசியான சாயா அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கிளாஸ்கூட ஆடவில்லை. குடித்து முடித்துவிட்டு, பாவமாக இருந்ததால், நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். எல்லாருமாக இழுத்து ஜீப்பைக் கரை சேர்த்தோம்.

அடுத்த வாரம் மாமா அதே ஜீப்பை வாங்கினார். மச்சிலிருந்து இறக்கிய ஷாஃப்டை மாட்டி, உப்பெல்லாம் கழுவி, கடையின் நடுவே நின்று, வலது கையால், முதலில் கேட்டதைவிட மிகக் குறைந்த விலைக்கு. வர்க்கிச் சேட்டன் மறுபேச்சு பேசவில்லை. அந்த வண்டியைப் பார்த்தாலே அவருக்கு அலைச் சத்தம் கேட்கிறதாம். வாங்குவதற்கு முன்னால் மாமா என்னை மறுபடி அடியில் அனுப்பினார். தானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மாப்ளே, கண்ணைத் திற" என்றார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலைக் கொள்முதல் எனக்கே கிடைத்தது. எண்பதுகள் முழுக்க அந்த ஜீப் என்னையும் சுக்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, நான் கண்ணை மூடின எல்லா வளைவுகளையும் கடந்து பத்திரமாக வந்தது. (ஓட்டியது டிரைவர். பதற வேண்டாம்.)

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. மனசில்லாமல் ஒன்றுக்குச் சம்மதிக்க வேண்டியிருந்தால் இடது கையை நீட்டிவிடுவார்கள். "இனிமே ஒழுங்கா படிக்கிறேன்ப்பா" என்பான் மகன், இடது கையை நீட்டி. "அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே போயிரலாம்" என்று நானே நீட்டியிருக்கிறேன்.

போன மாசம் எங்கள் கல்யாண நாள். பார்வதி அடுப்படியில் பப்படம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டேன்: "அடுத்த ஜென்மத்துலயும் என்னையே கட்டிக்குவியா?"

"ஓ, கட்டிக்கிறேனே" என்று திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

இடது கை.

வலது கையில் கரண்டி இருந்தது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு மாசமாகச் சரியாகத் தூக்கம் வரவில்லை.